திங்கட்கிழமை மூச்சு

1. போன மழைக்காலத்தில் என் குரல் கம்மியது. சளி என்று நினைத்தேன்.

2. சளி போனது. குரல் வரவில்லை.

3. எங்கள் மருத்துவமனையின் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் இரண்டு சிறு காய்ப்புகள். மேடைப் பாடகர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வருவதாம். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டார். மூச்சுப் பரிசோதனை அறை என்றேன். "ஓ, அந்தச் சத்தம் நீங்கதானுங்களா?" என்றார்.

4. என்னை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். ரத்தத்தைப் பார்த்துக் கத்த வேண்டியதில்லை.

5. மூச்சு அறைக்குப் புதுக் கருவி வந்தது. அதன் திரையில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. குழாயில் ஊதினால் ஒவ்வொன்றாக அணைகின்றன.

6. அந்த அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "மெழுகுவர்த்தி இல்லாம எப்படிக்கா இத்தன பேர ஊத வச்சீங்க?"

ஆறாவதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று கூடத்தில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். மூச்சு அறையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோவையில் டிப்ளமோ. மனதில் தங்கியவை சில செய்முறைகள் மட்டுமே. கண்ணாடி ஜாடியில் நீர்ப்பாசியை வைத்து வெயிலில் நிறுத்தினால் குமிழி குமிழியாகக் காற்று மேலே வரும். இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து, நுண்ணோக்கியில் பார்த்தால் உதடு மாதிரி வரிசையாகத் துளைகள் தெரியும். மீனின் செவுளை விரித்தால் சிவப்புச் சீப்பு. தவளைக்குத் தோலே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடுதான்: ஈரமான, மெல்லிய ஒரு சவ்வு, அதன் ஒரு பக்கம் உடம்பு, மறுபக்கம் உலகம். நடுவில் காற்று கைமாறுகிறது. மனிதருக்கு அந்தச் சவ்வு நெஞ்சுக்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரவும் திரும்பி வரவும் கிளை கிளையாகக் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்கள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

வேலை பார்க்க எளிது. காலையில் வந்ததும் பெரிய ஊசிக்குழல் ஒன்றால் அளந்த காற்றைக் கருவிக்குள் தள்ளி, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆட்கள். நிமிர்ந்து உட்கார வேண்டும். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். மூக்குக்குக் கிளிப். அட்டைக் குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை இறுக மூட வேண்டும். நெஞ்சு கொள்ளும் வரை இழுத்து, நிறுத்தாமல், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து வெளியே தள்ள வேண்டும். காலியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் தள்ள வேண்டும். சிறு குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பது அந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான் தெரியும். இப்படி மூன்று முறை, மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும்.

கஷ்டமெல்லாம் சொல்லில்தான் இருந்தது. முதலில் நான் "மூச்ச விடுங்க" என்றேன். நம் பேச்சில் மூச்சு விடுவது என்றால் உயிரோடு இருப்பது. எல்லோரும் சாதாரணமாக இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பலூன் ஊதற மாதிரி" என்றேன். கன்னம் உப்பியது, காற்று வரவில்லை. "அடுப்பு ஊதற மாதிரி" என்றேன். பெண்கள் நிறுத்தி நிறுத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி ஊதினார்கள். கடைசியில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிறவர்கள் போடும் சத்தம்தான் கைகொடுத்தது. "தள்ளு, தள்ளு, தள்ளு, தள்ளு, இன்னும் தள்ளு!" வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். என் தொண்டை போனது இப்படித்தான்.

வெறுமனே "ஊதுங்க" என்றால் போதாதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆண்களிடம் அது ஆபத்தான வார்த்தை. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எங்கள் மேடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நெஞ்சு நோய் டாக்டர். சத்தமே இல்லாத மனுஷி. கட்டளையைக்கூட உதவி கேட்பதுபோலத்தான் சொல்வார். பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கியதும் எண்கள் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிவிடுவார். வளைகோட்டை மட்டும் பார்ப்பார். அரைகுறையாக ஊதியதைக் கொண்டுபோனால், "இது மூச்சில்லீங்க அம்மிணி, பெருமூச்சு. இன்னொருக்கா எடுத்துட்டு வந்தர்றீங்களா?" என்பார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும்போது தன் மூச்சை நிறுத்திக்கொள்வார். அதனால் நோயாளி இழுத்து இழுத்துத் திணறினால் மேடமும் சிவந்துபோவார். இன்னொரு பழக்கம்: யாரிடமும் "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லமாட்டார். "இன்னிக்கு நல்லா இருக்குதுங்க" என்பார். அந்த "இன்னிக்கு" சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

செல்லத்துரை சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் ஞாயிறுதான் வருவார்கள். மற்ற நாளில் வந்தால் ஷிப்ட் போய்விடும். அதனாலேயே மூச்சு அறை ஞாயிறு திறந்திருக்கும், திங்கள் பூட்டியிருக்கும். செல்லத்துரைக்குத் தெற்கே நாசரேத் பக்கம் ஊர். மங்கலம் ரோட்டில் கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டும் மில் ஒன்றில், பஞ்சைப் பிரித்து உதறும் 'புளோ ரூம்' பிரிவில் வேலை. கூட மனைவி எஸ்தர் வந்திருந்தார். அவர் மண்ணரையில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். செக்கிங் பார்க்கிறவர்களின் கண் எங்கே போனாலும் ஓட்டை தேடும். அவர் கணவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூக்கில் கிளிப்பைப் போட்டு, குழாயைக் கொடுத்து, "ஊதுங்க" என்றேன்.

செல்லத்துரை குழாயை வாயிலிருந்து எடுத்தார். எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து, "ஹா" என்றார்.

மீன் குழம்பு வாசனை வந்தது.

"பாத்துட்டியளா? ஒண்ணும் இல்லல்லா?" என்றார், மூக்கில் கிளிப்போடு.

சாலையில் போலீஸ் வண்டியை நிறுத்தினாலும், மில் கேட்டில் சூப்பர்வைசர் நிறுத்தினாலும் ஆண்களிடம் சொல்லும் வார்த்தை அது. ஊது. வாயை மோந்து பார்க்கத்தான். செல்லத்துரையிடம் அதைச் சொல்லாத ஆளே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு சரியாகவே ஊதினார். நல்ல பலமான ஊத்து. மூன்றும் ஒன்றுபோல வந்தன. மேடம் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு நல்லா இருக்குதுங்க."

"போன மாசம் ஸ்டெதஸ்கோப்ப மட்டும் வச்சுப் பாத்தப்பவும் இதத்தான் சொன்னிய. அப்போ சீக்கு ஒண்ணும் இல்ல" என்றார் எஸ்தர். அவர் குரலில் நிம்மதி இல்லை. "மேடம், நான் வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். ஞாயித்துக்கெழம இவிய கோயிலுக்குப் போயிட்டு வந்து நல்லாத்தான் இருக்காவ. திங்கக்கெழம மத்தியானம் பாத்தா, கண்ணு செவந்து, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, பாதி வேலையில வந்து படுத்துக்கிடுதாவ. கேட்டா பேச்சுக் கெடையாது. எங்கப்பா இப்படித்தான் கெடப்பாவ. சனிக்கெழம சம்பளம், ஞாயித்துக்கெழம குடி, திங்கக்கெழம படுக்கை. எனக்குத் தெரியாதா?"

"மூச்சு விட முடியல மேடம். பேச எப்படி முடியும்?" என்றார் செல்லத்துரை. "வேதப் பொஸ்தகத்து மேல கைய வச்சுச் சொல்லிட்டேன், குடிக்கலன்னு."

"எங்கப்பாவும் வச்சாவ."

எஸ்தர் மேடம் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒரே ஒரு திங்கக்கெழம இப்படி வந்து படுத்தாவன்னா, நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கம்மா ஊருக்குப் போயிருவேன். அவளும் என்னய மாதிரி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு வளர வேண்டாம்."

செல்லத்துரை மேடத்தைப் பார்த்தார். "நான் குடிக்கலன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க மேடம்."

"இது அந்த மிஷின் இல்லீங்களே" என்றார் மேடம்.

அவர்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் கருவியைத் துடைத்தேன். எனக்கு எதையும் வரிசை போட்டால்தான் புரியும். ஒன்று, அவருக்குத் திங்கள்தான் முடியவில்லை. இரண்டு, செவ்வாய், புதன் என்று போகப் போகத் திணறல் குறைகிறதாம். மூன்று, ஞாயிறு நன்றாக இருக்கிறார். நான்கு, நாங்கள் அவரைப் பார்ப்பது ஞாயிறு. நான்காவதில் நின்றுவிட்டேன். இவரை மட்டுமா? மங்கலத்திலிருந்தும் மண்ணரையிலிருந்தும் வந்த எல்லா நெஞ்சையும் நாங்கள் ஓய்வு நாளில்தான் அளந்துகொண்டிருந்தோம். திருப்பூரின் ஞாயிற்றுக்கிழமை மூச்சு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

மேடத்திடம் சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"பஞ்சுத் தூசி நோவு அப்படித்தானுங்க அம்மிணி. ஒரு நாள் தூசி இல்லாம இருந்துட்டுத் திரும்பிப் போறப்பதான் கொழாய் சுருங்கும். அதுக்குத்தான் போன மாசமே, ரூமத் தொறந்து வெக்கறேன், திங்கக்கெழம வாங்கன்னு இவருகிட்டச் சொன்னேன்."

"வரமாட்டாருங்க மேடம். ஷிப்ட் போயிரும். பாதியில வந்தா அதுக்கும் குடின்னுதான் சொல்லுவாங்க."

மேடம் நான் துடைத்து வைத்த கருவியைப் பார்த்தார். "அப்ப மிஷின் மில்லுக்குப் போகட்டுமுங்க, மேனேஜர்கிட்ட நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்கு நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றீங்களா?"

பெஞ்சில் இருந்த இருவரிடமும் போய்ச் சொன்னேன். எஸ்தர், "நானும் வருவேன். தாள்ல கோடு போட்டுக் காட்டுனா நம்பமாட்டேன். ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்து, காலையில நானே கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் காலை கருவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மில் கேட்டில் சூப்பர்வைசர் சின்னச்சாமி நின்றிருந்தார். திங்கட்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வரிசையில் வருவார்கள். "ஊது." "ஹா." "போ." அடுத்த ஆள். "ஊது." "ஹா." "போ."

செல்லத்துரை முறை வந்தது. பின்னால் எஸ்தர்.

"வாங்க துரை. அட, இன்னிக்குக் காவலோட வந்திருக்கீங்களா? ஊதுங்க."

"ஹா."

சின்னச்சாமி என் பக்கம் திரும்பினார். "வாசமே வரலீங்க மேடம். ஏலக்காய மென்னுட்டு வந்திருப்பாரு. வாசம் வந்தாக்கூட நம்பலாமுங்க, வரலீன்னாத்தான் சந்தேகம்."

"ஏலக்காயி வாங்க எங்க ஊட்ல ஆளு இல்ல. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தம்லா" என்றார் எஸ்தர். கொங்குக்காரரைப் போல 'ஊட்ல' என்று அவர் வேண்டுமென்றே சொன்னது வரிசையில் சிலருக்குச் சிரிப்பு வரவைத்தது.

கேட் அருகில் வாட்ச்மேன் நாற்காலியில் செல்லத்துரையை உட்காரவைத்தேன். அரை நிமிஷத்துக்கு முன் ஊதிய அதே வாய். இந்த முறை என் ஊத்து. "தள்ளு, தள்ளு, தள்ளு!" வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். மூன்று முறையும் நேற்றைப் போலவே வந்தது. கோடு நட்டுக்குத்தலாக ஏறி, ஓட்டு வீட்டுக் கூரை போல நேராக இறங்கியது.

"பாத்தீங்களா, நல்லாத்தான இருக்கறாரு" என்றார் சின்னச்சாமி.

"இன்னிக்குக் காலையில நல்லா இருக்காருங்க" என்றேன். மேடத்தின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது அன்றுதான் தெரிந்தது.

மதியம் வரை காத்திருக்க மேனேஜர் தன் அறையில் இடம் கொடுத்தார். போகும் வழியில் புளோ ரூமின் காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்கு எதிரே ஒரு புங்கமரம். ஃபேன் பக்கம் இருந்த கிளைகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். மூச்சுத்துளைகள் இருக்கும் அடிப்பக்கத்திலும் மெல்லிய பஞ்சுப் படலம் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் சுருண்டு வந்தது. உள்ளே நிற்கிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் அறையில் ஒரு மீன் தொட்டி. ஆரஞ்சு மீன்கள். மூலையில் சிறு மோட்டார் ஓடி, குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எஸ்தரும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணி வாக்கில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் தினமும் போகும். மில்லில் ஜெனரேட்டர் எடுத்தார்கள், ஆனால் அந்த அறைக்கு லைன் இல்லை. குமிழி நின்றது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஏன் இப்படிப் பண்ணுது?" என்றார் எஸ்தர்.

"தண்ணியில காத்து கொறஞ்சிருச்சுங்க. மேல்மட்டத்துலதான் கொஞ்சம் இருக்கும். செவுள்ள அதத்தான் பிடிக்கப் பாக்குது."

"தலை சுத்தி நிக்குத மாதிரில்லா நிக்குது. குடிச்சிருக்கோ?" என்று சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். "யாராச்சும் அந்த மீனு மோட்டாருக்கு ஒரு வயர் இழுத்துக் குடுங்கப்பா, மீனு செத்துப் போயிருமுங்க!" வயர் வந்தது. குமிழி வந்தது. மீன்கள் கீழே போயின. எஸ்தர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் புளோ ரூம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்கு முன்பே செல்லத்துரை வந்துவிட்டார். தலையும் புருவமும் வெள்ளை. கண் சிவப்பு. கை நெஞ்சில். எஸ்தர் வாரா வாரம் வீட்டு வாசலில் பார்த்த அதே ஆள்தான். ஆனால் இந்த முறை அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை எஸ்தர் பார்த்திருந்தார். சின்னச்சாமியும் பின்னாலேயே வந்தார்.

கருவியில் பேட்டரி இருந்தது. கிளிப் போட்டேன். "இழுங்க, இழுங்க. தள்ளு, தள்ளு, தள்ளு!"

வந்தது கொஞ்சம்தான். முகம் கறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே காற்று இருக்கிறது, வெளியே வர வழியில்லை. கூரை போல நேராக இறங்கிய கோடு, நடுவில் அவிழ்ந்த துணிக்கொடி மாதிரி தொய்ந்து விழுந்தது. இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்கு எஸ்தரும் எழுந்து, "தள்ளுங்க! தள்ளுங்க! ஐயோ, தள்ளுங்கன்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினார்.

"இவ்வளவுதான் வருதா?" என்று என்னைக் கேட்டார்.

"இவ்வளவுதாங்க வருது."

கணவரைப் பார்த்தார். "இப்படின்னு சொல்லியிருக்கலாம்லா."

செல்லத்துரை குழாயை எடுத்துவிட்டு, மூச்சு சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சொன்னேம்லா. மூச்சு... விட முடியலன்னு... சொன்னேம்லா."

அவர் எப்போதும் சொன்னது அதைத்தான். இழுக்க முடியவில்லை என்று சொல்லவில்லை, விட முடியவில்லை என்றார். நாங்கள் எல்லோரும் அதைப் பொதுவாகக் கேட்டிருந்தோம்.

எஸ்தர் தன் முந்தானையால் அவர் புருவத்துப் பஞ்சை எடுத்தார். ஒரு இழை, இன்னொரு இழை. செக்கிங் மேசையில் நூல் பிரித்து எடுப்பது போல, அவசரமே இல்லாமல். சின்னச்சாமி தொண்டையைச் செருமினார். "வாய மோந்து மோந்தே பழகிப் போச்சுங்க மேடம்" என்றார். பிறகு செல்லத்துரைக்குத் தண்ணீர் கொண்டுவர அவரே போனார்.

அன்று மாலை மருத்துவமனையில் மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரலால் எண்களை மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குழாய் விரிய மருந்து இழுக்கச் சொல்லி, பஞ்சை விட்டு வேறு வேலைக்கு மாறினால் இந்த நிலையில் நன்றாகவே தேறலாம் என்றார். பிறகு எஸ்தரிடம், "உங்க வீட்டுக்காரரு குடிக்கலீங்க. பஞ்சுத் தூசிதான். சீட்டு எழுதித் தரட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம் மேடம்" என்றார் எஸ்தர். "பாத்துட்டேன்."

இனி, இப்போது எப்படி இருக்கிறது என்பது.

மூச்சு அறை திங்கள் மாலையும் திறந்திருக்கிறது. வேலை முடிந்து பஞ்சோடு அப்படியே வருகிறார்கள். புதுக் கருவியின் மெழுகுவர்த்திகள் நன்றாகவே அணைகின்றன, ஆனால் ஆண்கள் சிலர் இன்னும் எழுந்து வந்து "ஹா" என்கிறார்கள். அந்தப் பெண் முதல் முறை மிரண்டுபோய் என்னிடம் ஓடிவந்தாள். மில்லில் புளோ ரூமுக்குப் பெரிய ஃபேனாக மாற்றியிருக்கிறார்கள், தூசி முழுதாகப் போகவில்லை. என் குரல் பாதி திரும்பியிருக்கிறது. செல்லத்துரை மண்ணரையில், எஸ்தரின் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருக்கிறார். மருந்து இழுப்பதைக் குறைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை இருவரும் ஒன்றாக வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புகிறார்கள். வீட்டு வாசலில் யாரும் யாரையும் ஊதச் சொல்வதில்லை.